சாக்கு தும்மியது

சிங்கப்பூருக்கு டிவி வந்த வருஷம் அது. தேக்காவிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சமூக நிலையத்துக்குப் போய், ஒரு பெட்டிக்குள் மனுஷன் பேசுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்க்கப் போகவில்லை. அதே சமயத்தில் நான் வேறு ஓர் இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அங்கேயும் ஒரு காகிதக் கட்டுக்குள்ளே மனுஷன் பேசிக்கொண்டிருந்தான். அந்த மனுஷன் நான்தான். (பொறுங்க, வர்றேன். எனக்கு நேராப் போய்ப் பழக்கமில்ல.)

தேதி மட்டும் கேட்காதீர்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். காலத்தை எல்லாம், பக்கத்தில் என்ன நடந்தது என்று வைத்துத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன். வெள்ளம் வந்த வருஷம், அக்காவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த வருஷம், இப்படி. இந்தப் பழக்கத்தால் கோர்ட்டில் நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன்.

அப்போது தேக்கா பக்கம் ஒரு சந்தில் மிளகாய் அரைக்கும் மில்லில் எனக்கு வேலை. காலையில் வெள்ளைச் சட்டையோடு போவேன், சாயங்காலம் செங்கல் மாதிரி வருவேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் தும்முவார்கள். இந்த லட்சணத்தில் இருந்த எனக்கு அக்காவும் அத்தானும் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பெயர் பாக்கியம். அவளுடைய அப்பா துறைமுகத்தில் மண்டோர், கூலி ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவர். வீட்டிலும் அதே குரல்தான். பாக்கியம் கான்வென்ட்டில் ஆறாவது வரை படித்தவள்.

பெண் பார்க்கப் போன அன்று வெட்கத்தில் நான் காபித் தம்ளரைத்தான் பார்த்தேன், பெண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் சமையலறைக்குத் திரும்பிப் போய் ஒரு பூனையை இங்கிலீஷில் அதட்டியது காதில் விழுந்தது. பூனை மறு பேச்சுப் பேசாமல் வெளியே போய்விட்டது. என் மனசும் அந்தப் பூனை பின்னாலேயே போய்விட்டது. கட்டினால் இவளைத்தான் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன்.

மறு வாரம் மண்டோரிடமிருந்து ஆள் வந்தது. சம்பந்தம் வேண்டாமாம். மாப்பிள்ளை பெரிய ரவுடியாம், நாலு பேர் மண்டையை உடைத்துக் கோர்ட் ஏறியவனாம்.

இதை யார் கிளப்பிவிட்டது என்று அக்கா ஊரையே திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளப்பிவிட்டவன் அவள் பக்கத்தில்தான் இருந்தான்.

நடந்தது இதுதான். சில வருஷம் முன்னால் மில் வாசலில் மூட்டை இறக்கும் இரண்டு கூட்டத்துக்குள் சண்டை. போலீஸ் வந்து அங்கே இருந்த எல்லாரையும் அள்ளிக்கொண்டு போனது. நானும் அதில் போனேன். கோர்ட்டில் நீதிபதி என்னை மட்டும் அன்றைக்கே விட்டுவிட்டார். வெளியே வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். காபிக் கடையில் நாலு பேர் “என்னப்பா ஆச்சு”ன்னு கேட்டார்கள். நாலு பேர் கேட்டதால் நாலு பேரை அடித்ததாகச் சொன்னேன். (எட்டுப் பேர் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் பயமா இருக்கு.)

அத்தான் ஒரு வக்கீல் ஆபீசில் பியூன். அவர்தான் வழி சொன்னார். “கோர்ட்டுல யாரு என்ன பேசினாலும் எழுதி, நம்பர் போட்டு, கட்டி வச்சிருப்பான்டா. நீ கேட்டா எடுத்துக் காட்டணும். அது ஒண்ணும் ரகசியம் இல்ல.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. போய்க் கேட்டால் பழைய கேஸை மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதனால் ஒரு பையில் மாற்றுக் கைலி, பல்பொடி, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் எடுத்துக்கொண்டு, ஜெயிலுக்குத் தயாராகத்தான் கிளம்பினேன்.

கோர்ட் என்றால் எனக்குத் தெரிந்தது பாடாங் திடலுக்கு எதிரே குவிமாடம் வைத்த பெரிய கட்டடம். என்னைக் கொண்டுபோனது வேறு கோர்ட்தான். ஆனால் அன்று போலீஸ் வண்டிக்குள் இருட்டு, எங்கே போனோம் என்றே தெரியாது. கேட்பதுதான் கேட்கிறோம், பெரிய இடத்திலேயே கேட்போம் என்று போனேன். படி ஏறி நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு தூணையும் கட்டிப் பிடிக்க நாலு ஆள் வேண்டும். உள்ளே தரை பளபளவென்று கிடந்தது, முகம் தெரிந்தது. ஒரு சத்தம் இல்லை. என் கை தானாகக் கும்பிட்டது. செருப்பைக் கழற்றித் தூணோரம் ஜோடியாக வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.

வாசலில் நின்ற சீக்கியக் காவலர் என் காலைப் பார்த்தார், பையைப் பார்த்தார். சந்தை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். கொலை, பெரிய சொத்து என்றால்தான் இங்கே வரும், உன் மாதிரி சில்லறைச் சண்டைக்கெல்லாம் சவுத் பிரிட்ஜ் ரோட்டுப் பக்கம் போ என்றார். என் சண்டையைச் சில்லறை என்று முதன்முதலாகச் சொன்ன மனுஷன் அவர்தான். அந்த அவமானத்தில் வெளியே வந்தவன் செருப்பை மறந்துவிட்டேன். தார் ரோட்டில் பாதி தூரம் போன பிறகு கால்தான் ஞாபகப்படுத்தியது.

சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கோர்ட்டில் ஒரு கவுண்டர். உள்ளே கண்ணாடி போட்ட சீனக் குமாஸ்தா. அவர் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் அலமாரி, அலமாரி முழுக்கக் கட்டு. சிவப்பு நாடா போட்டுக் கட்டின கட்டு. எங்கள் மில்லில்கூட அத்தனை மூட்டையை நான் பார்த்ததில்லை. அத்தனையும் மனுஷர் பேசின பேச்சு. திருடினவன், திருட்டுக் கொடுத்தவன், பொய் சொன்னவன் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் சண்டை இல்லாமல் படுத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன் இருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

குமாஸ்தா கேஸ் நம்பர் கேட்டார். தெரியாது. சரி, வருஷமாவது சொல் என்றார். நான் என்ன செய்வேன்? தீமிதிக்கு மறு வாரம், அதுவும் மழை பெய்து பூக்குழி நனைந்த வருஷம், இதுதான் எனக்குத் தெரியும். தீமிதிக்கு மலாயில் என்ன சொல்வது? நெருப்பு, கால், நடந்தார்கள், மழை, என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். அவர் எட்டி என் வெறுங்காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கை காட்டினார்.

மறுபடி சொன்னேன். அம்மன் கோயில் அதே ரோட்டில்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் கையை நீட்டினேன். சட்டென்று அவர் முகம் மாறியது. அந்த வருஷம் வேலை முடிந்து போகும்போது அவரும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நனைந்தாராம். காய்ச்சல்கூட வந்ததாம். வருஷத்தையும் மாசத்தையும் அவரே எழுதிக்கொண்டு, புதன்கிழமை காலையில் வா, தேடி வைக்கிறேன் என்றார். ஒருவரும் என்னைப் பிடித்து ஜெயிலில் போடவில்லை. திரும்பி வரும் வழியில் பெரிய கோர்ட்டில் எட்டிப் பார்த்தால், தூணோரம் என் செருப்பு வைத்தது வைத்தபடி இருந்தது. காவலர் பார்த்தும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோர்ட்டில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறது என்று மண்டோரிடம் அத்தான் போய்ச் சொன்னார். அதற்கு மண்டோர், “காயிதத்த இங்க கொண்டாந்தா நம்ப மாட்டேன். சந்துல உக்காந்து எவனாச்சும் எழுதிக் குடுத்துருப்பான். அது இருக்கற எடத்துலயே எம் பொண்ணு படிச்சுச் சொல்லட்டும்” என்றாராம். அதோடு நிற்கவில்லை. அவருடைய அக்கா, பாக்கியத்துக்கு அத்தை, பஞ்சாங்கம் பார்க்கிறவர். புதன்கிழமை நல்ல நாள்தான், பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் வருவதற்குள் காகிதம் சரியாக இருந்தால் அங்கேயே தட்டு மாற்றிவிடலாம், இல்லாவிட்டால் அடுத்தது ஆடி, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆக, புதன்கிழமை சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கோர்ட்டுக்கு ஒரு நிச்சயதார்த்தமே வந்து இறங்கியது. அத்தை கையில் ஒரு தாம்பாளம், எங்கள் அக்கா கையில் ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள். கைவிலங்கோடு வந்த ஒருத்தன் எங்களைப் பார்த்து வழி விட்டான். நான் இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை, ஆனால் சத்தம் வராமல் நடந்தேன்.

குமாஸ்தா தாம்பாளத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு கட்டை எடுத்து வைத்து நாடாவை அவிழ்த்தார். தூசி பறந்தது. பாக்கியம் முன்னால் வந்து பக்கத்தைப் புரட்டினாள். நீதிபதி கைப்பட எழுதினது, கோணல் எழுத்து. மண்டோர் மகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், முள் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

படித்துக்கொண்டிருந்தவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று பயந்துவிட்டேன்.

“என்னம்மா, அடிச்சானா இல்லியா?” என்றார் மண்டோர்.

“இருங்கப்பா. போலீஸ்காரர் சொல்றாரு. மில்லுக்குள்ள மூட்டைங்க அடுக்கியிருந்திச்சி. அதுல ஒரு சாக்கு தும்மிச்சி. தூக்கிப் பாத்தேன், உள்ள இவரு இருந்தாரு.”

“சாக்கா?”

“சாக்குதான்பா. மொளகா சாக்கு.”

எங்கள் அக்கா தாம்பாளத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பாக்கியம் அடுத்த பக்கத்துக்குப் போனாள். “இப்ப இவரு சொல்றாரு. நான் யாரையும் அடிக்கல. சத்தம் கேட்டுப் பயந்துட்டேன். சாக்குக்குள்ள பூந்துக்கிட்டு அம்மான்னு கூப்பிட்டேன்.” அதைப் படிக்கும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் வாய் பிளந்தது. அம்மா என்று நான் கூப்பிட்டதைக்கூட எழுதியிருக்கிறார்கள். பெற்றவள் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகிவிட்டது, அவளுக்குக்கூடக் கேட்காத குரல் அது. யாரோ ஒரு வெள்ளைக்கார நீதிபதி, கூலிக்காரன் பேச்சுதானே என்று விடாமல், கை வலிக்க எழுதியிருக்கிறார். அதை நாடா கட்டி, நம்பர் போட்டு, நான் வந்து கேட்கும் வரைக்கும் வைத்திருக்கிறார்கள். காபிக் கடையில் நான் சொன்ன பொய்யை ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னது அந்த ஒரு இடத்தில்தான், அது அங்கேயே பத்திரமாக இருந்தது.

மண்டோர் தாடையைத் தடவினார். “ரவுடின்னு சொன்னாங்க, வேணாம்னேன். இப்பப் பாத்தா சாக்குக்குள்ள ஒளியறவனா இருக்கான். இவனுக்கு எப்படிக் குடுக்கறது?”

என் கல்யாணம் கண் முன்னால் சாக்கோடு போவதைப் பார்த்தேன். அப்போது பாக்கியம் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா, கட்டிக்கப் போறவளை அடிக்க மாட்டேன்னு எல்லா மாப்பிள்ளையும்தான் சொல்லுவாங்க. யாரையும் அடிக்காதவருன்னு கவர்மெண்ட்டே எழுதி வச்சிருக்கிற மாப்பிள்ளை வேற எங்க கெடைப்பாரு?”

மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார். துறைமுகத்தில் மூட்டை எடை பார்க்கிற பார்வை. “சரி, தட்ட மாத்துங்க” என்றார்.

அத்தை தாம்பாளத்தை நீட்டினார். அக்கா கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து, அந்தப் பழைய தூசி என் மூக்கில் ஏறி, நான் தும்மினேன்.

ஒரே ஒரு தும்மல்.

அத்தை தட்டைச் சடக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் ஆகவே ஆகாது, இரட்டைத் தும்மல் என்றால் யோகம். “இன்னொண்ணு போடு தம்பி” என்றார் அத்தை. எல்லாரும் என் மூக்கையே பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குத் தும்மல் ஓடியே போய்விட்டது. மூக்கைத் தேய்த்தேன், விளக்கை அண்ணாந்து பார்த்தேன். அத்தான் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி மூக்கில் விட்டார், கண்ணீர்தான் வந்தது. வருஷக்கணக்காக மிளகாயில் குளித்தவன் நான். வேண்டாத நேரமெல்லாம் தும்மினவன். கடிகார முள் போய்க்கொண்டே இருந்தது.

பாக்கியம் குமாஸ்தா பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து இருப்பதிலேயே பழைய கட்டு ஒன்றை எடுத்தார். மெதுவாக இறங்கி வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், அதை என் மூக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார்.

நான் தும்மின தும்மலில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தட்டு மாறியது. பன்னிரண்டு அடிப்பதற்குள் குமாஸ்தா கையிலும் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அவர் முத்திரை போட்டுக் கொடுத்த நகலைப் பாக்கியம் வாங்கிக்கொண்டாள், நான் வாங்கவில்லை.

அந்த நகல் இன்றைக்கும் தோ பாயோவில் எங்கள் வீட்டு அலமாரியில், அவள் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. நான் குரல் உயர்த்தினால் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான், நான் அடங்கிவிடுவேன். வீட்டில் யாராவது ஒற்றைத் தும்மல் தும்மினால் வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு எல்லாரும் காத்திருப்பார்கள். பேரன் தூசித் துணியோடு ஓடி வருவான், “இருங்க லா, இன்னொண்ணு வரட்டும், ரெக்கார்டுல எழுதணும்” என்பான்.

ஒன்று கேட்கிறேன், நீங்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள். அப்பாவுக்கு அந்தக் காலத்தில் ஏதோ கோர்ட் கேஸாம் என்று உங்கள் வீட்டில் யாராவது குசுகுசுத்தால், பேசிக்கொண்டே இருக்க வேண்டாம், போய்க் கேளுங்கள் என்று சொல்லுங்கள். நம்பர் தெரியாவிட்டால், அந்த வருஷம் மழை பெய்ததா என்று சொன்னால்கூடப் போதும். அப்புறம் முக்கியமாக, செருப்போடே உள்ளே போகலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.