தண்ணியில் கண்டம்

இத்தாலிக்கே போனாலும் ஏரிக்கரைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று தங்கசாமி நாமக்கல்லிலேயே முடிவு செய்துவிட்டார்.

குஞ்சு பொரிக்கும் மெஷின் வாங்கிய கோழிப்பண்ணைக்காரர்களை மனைவியோடு மிலான் நகரத்துக்கு அழைத்திருந்தது மெஷின் கம்பெனி. சனிக்கிழமை ஊர் சுற்றுவது. ஞாயிற்றுக்கிழமை கோமோ ஏரியில் படகு, அக்கரையில் விருந்து. கம்பெனி ஏஜெண்ட் வெங்கடாசலம் இதைப் படித்துக் காட்டியபோதே தங்கசாமிக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

காரணம் ஜாதகம். சில வருஷங்களுக்கு முன் எருமப்பட்டி ஜோசியர் ஒருவர் பண்ணைக்கு வந்தார். கட்டங்களைப் பார்த்தார். "உங்களுக்குத் தண்ணியில கண்டமுங்க" என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே தங்கசாமி ஆசையாய் வளர்த்த செஞ்சேவலைக் காணோம். மரநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள் மனைவி சௌந்திரம். கெட்ட சகுனம் கையோடு வந்துவிட்டதால் ஜோசியத்தில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை.

அன்றிலிருந்து அவர் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஊரே ஜேடர்பாளையம் அணைக்குப் போய்க் குளித்துக் கும்மாளம் போடும். இவர் மட்டும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் குளியல் அரை வாளிதான். சாயங்காலம் குடிக்கிற பிராந்தியில்கூடத் தண்ணீர் கலப்பதை நிறுத்திவிட்டு அப்படியே குடித்தார். உயிர்மேல் அவ்வளவு ஆசை. சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

விமானம் கடல்மேல் பறந்தவரை தங்கசாமி கண்ணைத் திறக்கவில்லை. மிலான் ஹோட்டல் குளியலறையில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு தொட்டி இருந்தது. பார்த்ததும் கதவைச் சாத்தினவர் பிறகு அந்தப் பக்கம் குளிக்கப் போகவே இல்லை. சனிக்கிழமை ஊரெல்லாம் சுற்றினார்கள். சௌந்திரம் பட்டுச்சேலைக்கு மேலே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வானத்தைத் தொடுகிற சர்ச் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். தங்கசாமியும் அண்ணாந்துதான் பார்த்தார். அவர் பார்த்தது மேகத்தை. மழை வந்து தொலைத்தால் அதுவும் தண்ணீர்தானே.

ஞாயிற்றுக்கிழமை ஏரியும் வந்துவிட்டது. நம்மூர் ஏரி என்றால் பாதி நாள் உள்ளே மாடு மேயும். இது மலைக்கும் மலைக்கும் நடுவே கறுத்துக் கிடந்தது. ஆழம் எவ்வளவு இருக்கும் என்று வெங்கடாசலத்தைக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நாமகிரிப்பேட்டையில் போர் போட்டு, தண்ணீர் வராமல் கைவிடுகிற ஆழத்தைவிட ஆழம் என்றார் அவர்.

 ஆனால் தங்கசாமியின் கைவசம் ஒரு திட்டம் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலிருந்த பெஞ்சில் சாய்ந்தார். தனக்குப் பொறுக்க முடியாத வலி, சௌந்திரமாவது போய்ச் சந்தோஷமாய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று பெருந்தன்மையோடு முனகினார். எதிர்க்கடையில் கலர் கலராய்ப் புட்டிகள் நிற்பதை முன்பே நோட்டம் விட்டிருந்தார். கண்டத்திலிருந்தும் தப்பிக்கலாம், தாகமும் தீரும்.

சௌந்திரம் அவர் கண் போன திசையைப் பார்த்தாள்.

"அது சர்பத்துக் கடையாமுங்க. ஒயினெல்லாம் அக்கரை விருந்துலதானாம். கேக்கக் கேக்க ஊத்துவாங்களாம். என்னுங்க வெங்கடாசலம், அப்படித்தானுங்களே?"

அந்த மனுஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம் போட்டார். தங்கசாமியின் வயிற்றுவலி மெதுவாகக் குறைந்தது.

நடு ஏரிக்கு வந்தபோது பெரிய கப்பல் ஒன்று குறுக்கே போனது. அது கிளப்பிய அலையில் படகு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. இதுதான் கண்டம், முடிந்தது கதை என்றே தங்கசாமி நினைத்தார். பண்ணையில் அந்த வாரம் பொரிய வேண்டிய குஞ்சுகள் ஞாபகத்துக்கு வந்தன. பொண்டாட்டியிடம் இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லையே என்றுகூடத் தோன்றியது. அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கவே இல்லை.

"எதையாச்சும் உடறேன்னு சாமிக்கு வேண்டிக்கங்க," என்றாள் அவள் காதருகே. "சத்தமா வேண்டிக்கங்க."

"நாமக்கல் ஆஞ்சநேயா, நீ கடலையே தாண்டுனவன். என்னைய இந்த ஏரியத் தாண்டி உட்டுரு சாமி. இனி என் ஆயுசுக்கும் தண்ணியத் தொட மாட்டேன்."

படகிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அலை அடங்கியது. சற்று நேரத்தில் கரையும் வந்தது.

விருந்து மேஜையில் கண்ணாடித் தம்ளரில் செக்கச்செவேலென்று ஒயின் ஊற்றினார்கள். போன உயிர் திரும்பிய சந்தோஷத்தில் தங்கசாமி கை நீட்டினார். சௌந்திரம் தம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணியத் தொட மாட்டேன்னு வேண்டியிருக்கறீங்க."

"அட, நாஞ் சொன்னது ஏரித் தண்ணி, புள்ள."

"அதத்தான் நீங்க தொட்டதே இல்லையே. தொடாதத உடறதுக்குப் பேரு வேண்டுதலாங்க?"

"சரி, ஆத்துத் தண்ணி. கெணத்துத் தண்ணி."

"அதையுந் தொட்டதில்லீங்க. நீங்க ஆசையாத் தெனமுந் தொடற தண்ணி இது ஒண்ணுதானுங்க."

தங்கசாமி குரலைத் தாழ்த்தினார். "ஆஞ்சநேயரு நாமக்கல்லுல நிக்கறாரு. இங்கயா பாக்கப் போறாரு?"

"அவுரு கூரையே வேண்டாம்னு வெட்டவெளியில நிக்கற சாமி. எங்க இருந்தாலும் தெரியும்," என்றாள் அவள். பிறகு தம்ளரை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். "குடிக்கறதுன்னாக் குடிங்க, எனக்கென்ன. திரும்பிப் போறதுக்கும் இதே படகுதானுங்க."

தங்கசாமி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். அது முன்னைவிடக் கறுத்திருந்தது. ஒயினைத் தள்ளி வைத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள் என்று வெங்கடாசலத்தைக் கேட்டார்.

சௌந்திரம் நிம்மதியாய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, நம்ம செஞ்சேவல மரநாய் புடிக்கலீங்க. ஜோசியருக்கு நாந்தான் கூலியாக் குடுத்தேன். அவுரு சரியாத்தான் சொன்னாரு, நீங்கதான் தப்பான தண்ணிக்குப் பயந்துட்டீங்க."