குண்டூசிக் கச்சேரி

ஊசிக்குப் பாட்டு வராது. சுமாராகவாவது பாடுவான் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் வாயைத் திறந்தால் பக்கத்துத் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிடும். அப்படிப்பட்டவன் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலை முதலாளியின் பங்களாவில், பெரிய மனிதர்கள் முன்னால் பாடியாக வேண்டும்.

எல்லாம் குண்டூசியால் வந்த வினை. கோட்டு தைக்கும் கடையில் அவன் துணி வெட்டுகிறவன். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டால்தான் அவனுக்கு வேலை ஓடும். பெயரும் அப்படி வந்ததுதான். அன்று ஆலை முதலாளிக்குப் புதுக் கோட்டை மாட்டிவிட்டு, பின்னால் குனிந்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ ஒரு பாட்டு மிதந்து வந்தது.

'மாடிக்கு ஏற ஏணி உண்டு, மனசுக்கு ஏற ஏணி ஏது...'

சங்கீதம் என்றால் முதலாளிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கண் கலங்கிவிட்டது. "பாடறது நீயாப்பா?" என்றார் திரும்பாமலே.

'இல்லை' என்று சொல்ல வாய் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போகும். "ம்" என்றான்.

"இப்படி ஒரு குரல் இருக்கற மாப்பிள்ளையைத்தான் என் பொண்ணுக்குத் தேடிக்கிட்டிருக்கேன். தொழில் எதுவா இருந்தா என்ன? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து பாடு. மத்ததை அப்புறம் பேசலாம்."

ஊசிகளை எடுத்தபோது வாய் காலியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் மனசு வரவில்லை. முதலாளியின் மகள் ஒவ்வொரு தடவையும் அப்பாவோடு வருவாள்; கடைக்குள் வராமல் வாசலில் நிற்கும் காரிலேயே, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்பது ஊசியின் கணக்கு. அந்தச் சிரிப்புக்காக அவன் ஏற்கெனவே இரண்டு கோட்டுகளைத் தப்பாக வெட்டியிருந்தான்.

முதலில் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி அனுப்பினான். முதலாளி தன் குடும்ப டாக்டரையே அனுப்பிவைத்தார். அவர் கசப்பு மருந்தைப் பஞ்சில் தோய்த்துத் தொண்டை முழுக்கத் தடவிவிட்டு, இனி முன்னைவிட ஒரு கட்டை மேலேயே பாடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் முதலாளி இன்னும் பல பேரைக் கச்சேரிக்கு அழைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் பங்களாவின் பின்வாசலுக்குப் போய், மகளிடமே உண்மையைக் கொட்டினான். அவள் கோபப்படவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டானா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான்.

"நல்லதாப் போச்சு. மடக்குத் திரைக்குப் பின்னால கிராமபோன் பெட்டியை வச்சுடறேன். டிரைவர் உட்கார்ந்து சாவி குடுப்பார். நீங்க வாயை மட்டும் அசைங்க."

அதே பாட்டு ரெக்கார்டில் வேண்டுமே என்று இழுத்தான்.

"அது என் பொறுப்பு. ஒண்ணே ஒண்ணு, எங்கப்பா எல்லார் முன்னாலயும் வாக்குக் குடுக்கற வரைக்கும் நீங்க நிறுத்தக் கூடாது."

தனக்காக ஒரு பெண் இவ்வளவு துணிகிறாளே என்று ஊசி பூரித்துப்போனான். கடைக்கு ஓடி, கடையிலேயே உசத்தித் துணியில் தனக்குக் கல்யாணக் கோட்டு வெட்டிவிட்டான். ஆசை மிகுதியில் அதன் வால் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

ஞாயிறன்று திரைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தான். பின்னாலிருந்து தேன் பாய்ந்தது. கூட்டம் சொக்கிப்போனது. பெட்டி இவ்வளவு துல்லியமாகப் பாடும் என்று ஊசியே எதிர்பார்க்கவில்லை.

பாதிப் பாட்டில் விபரீதம் நடந்தது. முன்வரிசையில் இருந்த முதலாளியின் கோட்டுக் கையில் தையல் விட்டிருந்தது. பழக்கதோஷம், ஊசியின் கை தானாகக் காலருக்குப் போய் அங்கே செருகியிருந்த குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. உதடு மூடிக்கொண்டது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. பயத்தில், கையில் மீதியிருந்த ஓர் ஊசியைப் பின்னால் எதிலோ குத்திவைத்தான்.

"வாயில ஊசியைக் கவ்விக்கிட்டே பாடறான்யா!" முதலாளி எழுந்தேவிட்டார். "தொழிலையும் பாக்கல, குலத்தையும் பாக்கல. இந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் யாரோ அவன்தான் என் மாப்பிள்ளை. சபையறியச் சொல்றேன், வாக்கு மாற மாட்டேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஊசி கண்ணீரோடு மாமனாரின் காலில் விழப் பாய்ந்தான். அவன் குத்திவைத்த ஊசி கோட்டு வாலையும் திரைத் துணியையும் சேர்த்துப் பிடித்திருந்தது. திரை மடமடவென்று சரிந்தது.

பின்னால் டிரைவர் தொப்பியை மடியில் வைத்து, கண்ணை மூடி, கடைசி வரியை உருகிப் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிராமபோன் பெட்டி அசையாமல் கிடந்தது.

முதலாளி டிரைவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார், அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியிடம் திரும்பினார். "அப்போ, அன்னைக்குக் கடையிலயும் பாடினது நீ இல்லையா?"

ஊசிக்கு, மாடி ஏறியவன் காலடியில் ஏணியை உருவின மாதிரி இருந்தது. வாயில் இன்னும் குண்டூசிகள்.

"ம்" என்றான்.

பெட்டியை உடைத்துவிட்டதாகப் பழி வரும் என்று பயந்து டிரைவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"பெட்டிக்கு நான் ஒண்ணும் பண்ணல ஐயா. ஸ்பிரிங்கைக் காலையிலேயே சின்னம்மாதான் கழட்டி வச்சுட்டாங்க."