நம்பாதே மாஸ்டரின் செப்புத் தகடு

மலாயாவின் ஜொகூர் மாநிலத்தில் அந்தக் காலத்தில் எதையும், யாரையும் நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் போல வேறு யாராவது இருந்திருந்தால் அவர்கள் அவரிடம் பாடம் படித்தவர்களாக இருப்பார்கள். நானும் படித்தேன். ஆனால் பாதிதான் தேறினேன். மனைவி சம்பளப் பணத்தில் மிச்சமில்லை என்று சொன்னால் இன்றும் நம்பிவிடுகிறேன்.

குளுவாங் மின் நிலையத்தில் எங்களைப் போன்ற புது இன்ஜினியர்களுக்குப் பாடம் சொல்ல மதராஸிலிருந்து வரவழைக்கப்பட்டவர் அவர். வயதில் என்னைவிடச் சிறியவர். ஒல்லி உடம்பு, முழங்கால் வரை காக்கி, எந்நேரமும் சுருங்கிய இடது கண். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் 'நம்பாதே மாஸ்டர்'.

அவர் குடியிருந்ததே குளுவாங்கில்தான். ஆனாலும் சிங்கப்பூர் போய்விட்டு ரயிலில் திரும்பினால் பலகையைப் படிப்பார், ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்பார், பிறகு கூடை தூக்கி இறங்கும் சீனக் கிழவியையும் கேட்பார்: "இது குளுவாங்தானே?" மூன்றும் ஒத்துப் போனால்தான் இறங்குவார். ஒரு தடவை கிழவிக்குத் தமிழ் தெரியாமல் போனதால் மாஸ்டர் இறங்காமல் வடக்கே பாலோ வரைக்கும் போய்விட்டு வந்தார் என்று ஒரு கதை உண்டு. நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்காததை நம்பக் கூடாது என்பது அவர் பாடம்.

அதே பாலோவுக்கு ஒருமுறை பெண் பார்க்கப் போனார். நாற்காலியை ஆட்டிப் பார்த்து உட்கார்ந்தார். கேசரியை மோந்து பார்த்தார். பெண் வந்து நமஸ்காரம் செய்தபோது எழுந்து நின்று, "நீங்கதானே பொண்ணு?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். "உங்க தங்கச்சி இல்லையே?" என்றார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

மின் நிலையத்தின் கொல்லை வேலிக்கு எதிரே கனி பாயின் காப்பிக் கடை. பாய் காப்பி கலக்கிக் கொடுத்தால் மாஸ்டர் குடிக்க மாட்டார்.

"பாய், நீங்க ஒரு வாய் குடிங்க."

"அலமாக்! மாஸ்டர், விஷம் வெக்கிறதா இருந்தா இவ்வளவு சீனி போட்டு ஏன் வெக்கிறேன் லா?"

"சீனியத்தான் சந்தேகப்படுறேன். குடிங்க."

பாய் குடிப்பார். இதனால் அவருக்கு நாளுக்கு நாலைந்து வாய் காப்பி இலவசமாகக் கிடைத்தது. மாஸ்டர்மேல் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் சந்தேகம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வகுப்பு இப்படி நடக்கும். மாஸ்டர் கம்பத்தடியில் நின்றுகொண்டு, "சுவிட்ச் அடைச்சாச்சு. கம்பியில கரண்ட் இல்ல. ஏறுங்க மிஸ்டர்" என்பார். நாம் காலைத் தூக்கினால் போச்சு.

"எறங்குங்க! கரண்ட் இல்லன்னு யார் சொன்னா?"

"நீங்கதான் மாஸ்டர் சொன்னீங்க."

"என்னை ஏன் நம்புனீங்க?"

நம்பியதற்குத் தண்டனை உண்டு. கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் இறைத்து, கொல்லையில் இருந்த எர்த்துக் குழியில் ஊற்ற வேண்டும்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழி தவறிய மின்சாரம் மனிதன் உடம்பைத் தேடி வராமல் மண்ணுக்குள் போய்விட வழி செய்து வைப்பதற்குத்தான் எர்த்து என்று பெயர். எங்களை வைத்தே ஆளுயரக் குழி வெட்டச் செய்து, அடியில் ஒரு பெரிய செப்புத் தகட்டை நிறுத்தி, அதிலிருந்து ஒரு தடித்த செப்புக் கம்பியை மேலே கொண்டுவந்து, சுற்றிலும் அடுப்புக்கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று போட்டு மூடினார் மாஸ்டர். வேலை நடக்கும்போது ஒரு சங்கிலியின் ஒரு முனையை அந்தக் கம்பியில் பிணைத்து, மறு முனையைக் காய்ந்த மூங்கில் கழியால் தூக்கி மின்கம்பியில் மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மனிதன் ஏறலாம். மண் காய்ந்தால் எர்த்து வேலை செய்யாது. ஆகவே தினமும் உச்சி வேளையில் மாஸ்டரே வந்து தண்ணீர் ஊற்றுவார். பிறகு ஒரு பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி, மண் மின்சாரத்தை எவ்வளவு வாங்கும் என்று அளப்பார். முள் காட்டும் எண்ணை வாய்க்குள் முணுமுணுப்பார்.

"மண்ணையாவது நம்புறீங்களா மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மண்ணத்தான் ரொம்ப சந்தேகப்படணும் மிஸ்டர். அதுதான் கடைசி. அதுக்குக் கீழ யாரும் இல்ல."

இப்போது எதிர்க் கடையிலிருந்து கனி பாய் பார்த்ததை நீங்களும் பாருங்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவன் குழி வெட்டுகிறான். செப்புத் தகட்டைப் புதைக்கிறான். கரி போடுகிறான், உப்புப் போடுகிறான். உச்சி வேளை தவறாமல் தண்ணீர் வார்த்து, என்னவோ ஜபிக்கிறான். யார் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிட மாட்டேன் என்கிறான். நம் ஆட்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

செய்வினை!

யாருக்கு வைத்திருக்கிறான் என்பதுதான் கேள்வி. மின் நிலையத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணிக்குச் சில வாரங்களாக வயிற்றுவலி. அவர் கடைக்கு வந்து, மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே வலியைப் பற்றிச் சொல்ல, பாய் அவர் காதோரம் குனிந்தார். மறுநாளிலிருந்து மாஸ்டர் வாளியோடு கொல்லைக்குப் போகும்போதெல்லாம் பெரிய கிராணி ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். கிராணி எட்டிப் பார்ப்பதை மாஸ்டர் பார்த்துவிட்டு இடது கண்ணை இன்னும் சுருக்குவார். கண் சுருங்கியதைப் பார்த்த கிராணிக்கு உடனே வயிறு பிசையும். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நாங்கள் பாடம் படித்தோம்.

கடைசி நாள் வந்தது. அன்று பரீட்சை. எங்களில் ஒருவன் கொல்லையில் இருந்த கம்பத்தில் ஏறி, வெறுங்கையால் மின்கம்பியைப் பிடித்து ஒரு முடிச்சைக் கழற்றிப் போட வேண்டும். இத்தனை மாதம் படித்ததெல்லாம் அந்தக் கை கம்பியைத் தொடும் ஒரு நொடிக்காகத்தான். சீட்டுப் போட்டார்கள். என் பெயர் வந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். தலைவிதியைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அந்தச் சீட்டிலிருந்துதான்.

அந்தக் கம்பி மின் நிலையத்திலிருந்து பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆலைக்குப் போவது. எங்கள் பக்கத்து சுவிட்சை அடைத்துப் பூட்டி, சாவியை மாஸ்டர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பார்க்க, மின் நிலையத்தின் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையே வந்திருந்தார். அவருக்கு இந்த வகுப்பே பிடிக்காது. ஒரு மணி நேர வேலையை ஒரு நாள் வேலையாக்கும் வித்தை இது என்பது அவர் கட்சி. தலைக்கு மேலே வெயில். தோட்டத்துப் பக்கமிருந்து டுக்கு டுக்கு என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

மாஸ்டர் பெட்டியை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். முள் ஒரே ஓட்டமாகத் தப்பான பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடியும் அப்படியே. நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என் எர்த்த யாரோ திருடிட்டாங்க."

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூமியைத் திருடிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தால் எந்தப் போலீஸ் எடுத்துக்கொள்ளும்?

பெரிய கிராணி அவசரமாக, "பொட்டி கெட்டுப் போயிருக்கும் மாஸ்டர்" என்றார்.

"கெட்டிருக்கலாம். நானும் கெட்டுப் போயிருக்கலாம். தோண்டுங்க."

தோண்டினோம். செப்புத் தகடு இருந்த இடத்தில் தகடு இல்லை. குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழம் ஒன்றும், துருப்பிடித்த ஆணிகளும், ஒரு பிடி சாம்பலும் இருந்தன. மேலே தெரிந்த செப்புக் கம்பி அறுபட்டு, மண்ணில் சும்மா செருகியிருந்தது. துரை குனிந்து பார்த்து இது என்ன என்று மலாயில் கேட்டார். மாஸ்டர் பழத்தைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இத நான் வெக்கல" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கனி பாய்க்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "நான் சும்மா சந்தேகமா இருக்குன்னுதான் சொன்னேன் மாஸ்டர். ஆளக் கூட்டியாந்தது கிராணியார்!"

கிராணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, நிலையத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து, தோட்டத்துப் பூசாரி ஒருவரைக் கூட்டி வந்து தகட்டை எடுத்து, செய்வினைக்கு மாற்றாக எலுமிச்சம்பழத்தைப் புதைத்து, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பதால் ஆற்றில் போட்டாயிற்று. "தப்புத்தான் மாஸ்டர். ஆனா எடுத்த அன்னிக்கே வயித்துவலி நின்னுபோச்சு" என்றும் சொன்னார். பூசாரி அவரை ஒரு வாரத்துக்குப் பரோட்டா தொடக் கூடாது என்று சொல்லியிருந்தது பிறகு தெரிய வந்தது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். சுவிட்ச் பூட்டியிருக்கிறது, சாவி உன் பையில் இருக்கிறது, இன்னும் என்ன, ஏறச் சொல் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பரீட்சை முடிந்தால் மாலை ரயிலில் வீட்டுக்குப் போகலாம். கம்பத்தில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

மாஸ்டர் ஓடிவந்து கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என் காலையும் சேர்த்துத்தான்.

"ஏறாதீங்க மிஸ்டர்!"

"மாஸ்டர், சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இந்தப் பக்கத்துச் சாவி. அந்தப் பக்கம் யார் என்ன பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

இப்போதே ஏற்றாவிட்டால் வகுப்பை இன்றோடு மூடிவிடுவேன் என்றார் துரை. அடுத்த கப்பலில் ஊருக்குப் போகலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"மூடுங்க தொரை. கப்பல்ல ஏறுறேன். இவர இந்தக் கம்பத்துல ஏத்த மாட்டேன்."

கட்டிய கை தளரவில்லை. நாலு பேர் இழுத்தும் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவர் சொன்னபடி இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து மண்ணில் அடித்து இறக்கினோம். தண்ணீர் ஊற்றினோம். பாய் கடையிலிருந்து உப்பு மூட்டையைத் தானே தூக்கி வந்தார். மாஸ்டர் கம்பத்தை விட்டு வந்து அளந்தார். குழாயில் சங்கிலியைப் பிணைத்தார். கழியால் அதன் மறு முனையைத் தூக்கிக் கம்பியில் போட்டார்.

சடாரென்று ஒரு வெடி. நீல வெளிச்சம் கண்ணைப் பறித்தது. சங்கிலி முனை உருகிப் புகைந்தது. தோட்டத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த டுக்கு டுக்கு இரண்டு முறை திணறி, நின்றது. நின்ற பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே எங்களுக்கு உறைத்தது.

எங்கள் பரீட்சைக்காக மின்சாரத்தை நிறுத்தியதும், ஆலைக்காரர்கள் தங்கள் பழைய இன்ஜினை ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் கம்பியைத் துண்டிக்கிற பிடியைத் திருப்ப மறந்துவிட்டார்கள். அந்த மின்சாரம் தலைகீழாக எங்கள் கம்பத்துக்கு வந்து, என் கைக்காகக் காத்திருந்திருக்கிறது. தகடில்லாத குழியில் சங்கிலியை மாட்டியிருந்தால் அது வெறும் தோரணம்தான். அங்கேயே, உப்பு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வகுப்பை மூடுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மாஸ்டர் சைக்கிளில் ஆலைக்கே போனார். பிடியைத் தானே திருப்பி, பூட்டி, அந்தச் சாவியோடு வந்தார். புதுச் சங்கிலி போட்டார். இந்தத் தடவை கம்பி சும்மா இருந்தது. நான் எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க கை நடுங்குது. நடுங்குற கைய நான் நம்ப மாட்டேன். நானே ஏறுறேன்."

பிறகு அவர் செய்ததை அங்கிருந்த யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு சாவிகளையும் எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். இரண்டு அடி போய்த் திரும்பி வந்து பையைத் தொட்டுப் பார்த்தார். கம்பத்தில் பாதி ஏறிய பிறகு, "இருக்கா?" என்று கத்தினார்.

"இருக்கு மாஸ்டர்!"

ஏறிவிட்டார். நான் சொன்னதை நம்பி ஏறிவிட்டார். பெற்ற தாய் கொடுத்தாலும் மோந்து பார்க்கிற மனிதர், என் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வெறுங்கையால் கம்பியைப் பிடித்தார். அவர் வேலையை முடிக்கும்வரை நான் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே நின்றேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது. ஓட்டவில்லை.

இறங்கி வந்ததும் சாவிகளை வாங்கி, அதே சாவிகள்தானா என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அவர் சந்தேகப்பட்டது சாவிகளைத்தான். இத்தனை வருஷம் கழித்தும் எங்காவது கம்பத்தில் ஒரு ஆள் ஏறி வேலை செய்வதைப் பார்த்தால், அவர் இறங்கும்வரை என் கை சட்டைப் பையைப் பொத்திக்கொள்கிறது.