பெங்களூர் வாடகை

“அடுத்த மாசத்துலேர்ந்து எட்டாயிரமா குடுத்துருங்க” என்று ஹயாத் பாஷா சொன்னதும், மாடியில் குடியிருந்த பிரபாகர் சிரித்துவிட்டார். பாய் விளையாடுகிறார் என்று நினைத்தார்.

“நாலாயிரத்தை எட்டாயிரமாக்குனா எப்படிங்க பாய்? இது தருமபுரிங்க.”

“இதே வூடு பெங்களூர்ல முப்பதாயிரம், தெரியுமா?”

“அப்ப வூட்டத் தூக்கிட்டுப்போய் அங்கயே வாடகைக்கு விடுங்க.”

ஹயாத் பாஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் சீட்டுக்கு ரெக்ஸின் கவர் தைக்கிற கடை அவருடையது. குனிந்து குனிந்து தைத்துத்தான் இந்த வீட்டைக் கட்டினார், ஒரே மகன் முதசிரைப் படிக்க வைத்தார். ‘நம்ம பையன் பெங்களூர்ல இருக்கான்’ என்று சொல்லாமல் ஒரு வண்டிக்கும் அவர் கவர் மாட்டியதில்லை.

அந்தப் பையனுக்குத்தான் பெங்களூர் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். வேறு வீடு தேடினால், போனில் பேரைச் சொன்னதுமே, “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு” என்கிறார்களாம். கொடுக்க முன்வருகிற ஒன்றிரண்டு பேரும் ஊரில் இல்லாத வாடகை கேட்கிறார்களாம். மகன் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டால் கடைவீதியில் எப்படித் தலைகாட்டுவது என்பதுதான் அவர் கவலை.

“ஊரை மட்டும் விட்டுறாதடா. ஏத்துன வாடகைய நான் அனுப்பறேன்.”

“வேணாம்ப்பா. நான் பாத்துக்கறேன்.”

மகன் வேண்டாம் என்றால் கஷ்டம் முற்றிவிட்டது என்பது ஹயாத் பாஷாவின் தீர்மானம். உடனே அனுப்பினார்.

பிரபாகர் ஆனி கடைசியில் காலி செய்துகொண்டு போனார். மறுநாளே வாசலில் ‘வீடு வாடகைக்கு’ போர்டு தொங்கியது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

“ஏங்க, பொறந்ததுலேர்ந்து இந்த ஊருலதான இருக்கறீங்க?” என்றாள் மனைவி ஷகிலா. “ஆடி மாசத்துல எவனாச்சும் பால் காய்ச்சி வூட்டுக்குப் போவானா?”

ஹயாத் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். வாடகை நினைப்பில் ஆடியை மறந்த மனிதர் தருமபுரியிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த மாதம் வந்துகொண்டிருந்த நாலாயிரமும் போயிற்று. கடையில் ரெக்ஸின் வாங்க வைத்திருந்த பணம் பெங்களூருக்குப் போயிற்று.

ஆவணியில் டியூஷன் சென்டர் நடத்தும் ஆரோக்கியராஜ் வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “படியேற பசங்க சோம்பேறித்தனப்படுவாங்க பாய். கீழ்வூட்டக் குடுங்க, நல்ல வாடகை தர்றேன்” என்றார்.

ஹயாத் பாஷாவும் ஷகிலாவும் மாடிக்கு ஏறினார்கள். ஷகிலாவுக்கு முழங்கால் வலி. காலையில் ஒருதடவை இறங்கினால் மறுபடி ஏறுவதற்குள் மதியம் ஆகிவிடும். கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக் கத்தி, அவளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடமாகிவிட்டது.

“அப்பா, பணம் அனுப்பாதீங்கன்னு சொன்னேனில்ல?” என்று முதசிர் போனில் கெஞ்சினான்.

“பாவம், கெஞ்சற அளவுக்கு ஆயிருச்சு” என்று போனை வைத்தபின் ஹயாத் பாஷா கண் கலங்கினார். அடுத்த மாதம் கூடுதலாக அனுப்பினார்.

தை பிறந்ததும் ஆரோக்கியராஜ் மேலே வந்தார். “பசங்க சேந்துட்டாங்க பாய். மாடியும் வேணும். இல்லன்னா நான் வேற எடம் பாக்கணும்.”

“படியேற மாட்டாங்கன்னீங்க?”

“இப்பப் பழகிருச்சுங்க.”

கீழ்வாடகையும் போனால் பெங்களூருக்கு என்ன அனுப்புவது? ஹயாத் பாஷா சொந்த வீட்டை முழுசாகக் கொடுத்துவிட்டு வாடகை வீடு தேடிக் கிளம்பினார். சுங்கச்சாவடி தாண்டத் தாண்ட வாடகை இறங்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பெங்களூரைவிட ஓசூரில் குறைவு, ஓசூரைவிடக் கிருஷ்ணகிரியில் குறைவு, அதைவிடத் தருமபுரி. பஸ் மாறிப் பென்னாகரம் போனால் இன்னும் குறைவு. அதற்குமேலும் குறைய வேண்டுமென்றால் ஒகேனக்கல்லுக்குப் போய் ஆற்றுக்குள்தான் குடியிருக்க வேண்டும். அவர் பென்னாகரத்தோடு நின்றுகொண்டார்.

அங்கே பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைத்தது ரஹமத்பீயின் வீடு மட்டும்தான். ஒரே நீள வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார் அந்த அம்மாள். முன்பாதிக்கு இந்தத் தெருவில் வாசல், பின்பாதிக்குப் பின்தெருவில் வாசல்.

“பின்னாடி ஒரு ஆளு இருக்குதுங்க. நல்ல மாதிரி. யாருகூடயும் சேராது, கதவத் தொறக்கறதே இல்ல” என்றார் ரஹமத்பீ.

சாமான் இறக்கிய அன்று ஷகிலா சமையல்கட்டில் நின்று அழுதாள். “சொந்த வூட்டுல பசங்க வாய்ப்பாடு சொல்லுது. நாம இந்தப் பொந்துல கெடக்கறோம். முதசிர்கிட்டச் சொல்லிருங்க.”

“சொன்னா அடுத்த பஸ்ஸுல கெளம்பி வந்துருவான். அப்புறம் இத்தனையும் எதுக்கு?”

இந்த வயதில் வாடகை வீடு என்பது அவருக்கும் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் முதசிர் வீடியோவில் கூப்பிடுவான். பழைய வீட்டின் பச்சைத் திரையையும் அரிசி மண்டிக் காலண்டரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டையும் நடுச்சுவரில் மாட்டி, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

போன் வந்தது. முதசிருக்குப் பின்னால் எப்போதும்போல ஒரு நீலத் திரை. ஆள் இளைத்திருந்தான்.

“எப்படிப்பா இருக்கறீங்க? அம்மாவுக்கு முழங்கால் எப்படி?”

“எங்களுக்கென்னடா, சொந்த வூடு, சௌகரியமா இருக்கறோம். பெங்களூர் எப்படி?”

“குளிருப்பா” என்றான் முதசிர். அவன் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அப்போது பார்த்துக் காலண்டர் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. ஹயாத் பாஷா போனை ஷகிலா கையில் திணித்துவிட்டு, அம்மிக்குழவியை எடுத்து ஆணியைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தார்.

“அப்பா, ஒரு நிமிஷம், காதுல விழமாட்டேங்குது. பக்கத்து வூட்டுல யாரோ செவுத்த இடிக்கறாங்க” என்றான் முதசிர்.

ஹயாத் பாஷா குழவியை வைத்துவிட்டுப் போனை வாங்கினார். “அந்த ஊருல மனுஷனே கெடையாதுடா! அத்தனை வாடகை வாங்கறான், நிம்மதியாப் பேச முடியுதா?”

“இப்ப நின்னுருச்சுப்பா.”

சத்தம் கேட்டு வந்த ரஹமத்பீ, சுவருக்கு என்ன ஆயிற்றோ என்று தடவிப் பார்த்தார். பிறகு ஹயாத் பாஷாவின் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம பின்வூட்டுத் தம்பி! ஏங்க, நாலு மாசமா இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான குடியிருக்கு. அதுகிட்டப் பேச எதுக்குங்க போனு?”