பக்கத்து லேனில் தொப்பி ஆன்ட்டி

"இன்னொரு தடவை அந்த அம்மாக்களை நனைச்சே, நான் பொறுப்பில்ல," என்றார் நீச்சல்குள மேலாளர்.

"சார், அவங்க நிக்கிறதே தண்ணிக்குள்ளதானே?" என்றாள் சாம்பியன்.

நியாயமான கேள்விதான். ஆனால் பட்டர்ஃப்ளை நீச்சல் நியாயம் பார்ப்பதில்லை. இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கி அவள் தண்ணீரில் அறைந்தால், பக்கத்து லேனில் உடற்பயிற்சி செய்யும் பெண்மணிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடுவார்கள். அன்று அவர்களுடைய தலைவியின் பூப்போட்ட தொப்பியே கழன்று மறுகரைக்குப் போய்விட்டது. தொப்பி ஆன்ட்டி என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள்.

"அவங்க மட்டும் புகார் கொடுத்தா, அப்புறம் நீ குளத்துப் பக்கமே வர முடியாது. அடக்கி வாசி."

ஞாயிற்றுக்கிழமை தேசிய அணிக்கான தேர்வு. ஊரில் இருப்பதோ இந்த ஒரே குளம். வம்பு வேண்டாம் என்று மறுநாளே கடைசி லேனுக்கு மாறினாள். கொஞ்ச நேரத்தில் பெண்மணிகளும் அதற்குப் பக்கத்து லேனில் வந்து நின்றார்கள்.

'இவ்வளவு பெரிய குளத்துல இங்கயே ஏன் வர்றாங்க?' அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காலையை விட்டு மதியத்துக்கு மாறினாள். மதியமும் தொப்பி ஆன்ட்டி ஆஜர், படையோடு. போதாக்குறைக்கு அவளைக் காட்டிக் காட்டி ஏதோ குசுகுசுத்தார்கள்.

"சந்தேகமே இல்ல, புகாருக்கு ஆள் சேக்கறாங்க," என்றான் கரையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்த கணவன். "பேசாம அலை எழும்பாம நீந்திப் பாரேன்."

நீந்தினாள். தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போவதுபோல் பதமாகக் கையை வைத்தாள். தண்ணீர் அசையவில்லை. அவளும் அதிகம் அசையவில்லை.

"எவ்வளவு?"

"கேக்காதே. நீ கரைக்கு வர்றதுக்குள்ள தேர்வு பண்றவர் வீட்டுக்கே போயிடுவார்."

அவளுக்கு அழுகை முட்டியது. பள்ளிக்கூட நாளிலிருந்து பட்ட பாடெல்லாம் இப்படியா வீணாக வேண்டும்?

வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அறை முழுக்கப் பெண்மணிகள், ஈரம் சொட்டச் சொட்ட.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் மேலாளர். "நீங்க சொல்லுங்கம்மா. புகார்தானே?"

"புகாரேதான்!" என்றார் தொப்பி ஆன்ட்டி. "இந்தப் பொண்ணோட அலையிலதான் எங்க முதுகுவலியே குறையுதுன்னு லேன் லேனா இவ பின்னாடி அலையறோம், நீங்க அதையும் நிறுத்தி வச்சா நாங்க எங்கய்யா போறது?"