பஸ்ஸில் வந்த பதில்

‘ஆமா’ என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்வதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ் ஏறி வந்த ஆசாமி இந்த லோகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் பேண்டேஜ் மில்லின் குடோன் பொறுப்பாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ உண்டு. எங்களுக்கு அவர் ‘ஓவர்’ அண்ணாச்சி.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் பல வருஷம் வயர்லெஸ் பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் எதைப் பேசினாலும் கடைசியில் ‘ஓவர்’ என்பார். அதுவரை எதிராளி வாயைத் திறக்கக் கூடாது. “ஒரு டீ. சீனி கம்மி. ஓவர்” என்று முடிப்பதற்குள் டீக்கடைக்காரர் ‘சரி’ என்றுவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து சொல்வார். கல்யாணப் பந்தியில் “சாம்பார் போதும், ஓவர்” என்பதற்குள் இலையில் குளம் கட்டியிருக்கும்.

எங்கள் சின்ன முதலாளியும் இவருக்குச் சளைத்த ஆள் இல்லை. வேலை நேரத்தில் ரீல்ஸ் பார்க்கிறோம் என்று ஒருநாள் எல்லோர் போனையும் மில் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். அண்ணாச்சியும் தினம் காலையில் மில்லுக்கு வந்து போனைக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் குடோனுக்குப் போக வேண்டும். பிறகு மில்லும் குடோனும் எப்படிப் பேசிக்கொள்வது? முதலாளி ஆன்லைனில் மஞ்சள் கலரில் இரண்டு வாக்கி டாக்கி வரவழைத்தார். கப்பலில் வைத்துக்கொள்கிற ரகம். “தண்ணியில விழுந்தாக்கூட மிதக்கும்யா!” என்று பெருமை வேறு. எங்கள் மில்லில் அது விழுவதற்கு ப்ளீச்சிங் தொட்டியை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

செட்டைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“மொதலாளி, இது கடல்ல பேசுறது. லைசென்ஸ் கப்பலுக்குத்தான், கரையில பேசக் கூடாது. ஆன் பண்ணுனதும் பதினாறாம் சானல்ல போயி நிக்குது பாருங்க. உசுருக்குப் போராடுறவன் கூப்பிடுற சானல் அது. ஓவர்.”

“ராஜபாளையத்துல ஏதுய்யா கடல்? இங்க பேசுனா எந்தக் கப்பலுக்குக் கேக்கப் போவுது?”

“கேக்காதுதான். அதுக்காக அதுல ஊர்க்கதை பேசிப் பழகலாமா? ஓவர்.”

முதலாளி சிரித்தார். டெஸ்பாட்ச் கிளார்க் என்ற முறையில் நானும் பின்பாட்டுச் சிரிப்பு சிரித்தேன். அன்றே மொட்டை மாடியில் ஏறி நின்று, “அண்ணாச்சி, லோடு வந்துருச்சா?” என்று கேட்டேன். பதிலே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து, இடுப்பில் மஞ்சள் செட்டோடு நேரில் வந்து நின்றார்.

“ஆமா. ஓவர்.”

சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். நாம் கேட்பதைக் காதில் வாங்கிக்கொள்வார், பதில் பேசுவதற்கான பட்டனை மட்டும் அமுக்க மாட்டார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. பொழுது போகாவிட்டால், “அண்ணாச்சி, சாப்டாச்சா?” என்று கேட்டு அவரை பஸ் ஏற்றிவிடுவேன். ஒருநாள் மூன்று தடவை. மூன்றாவது தடவை, “சாப்பிட விட்டாத்தானலே சாப்பிட? ஓவர்” என்றார். மில்லே விழுந்து விழுந்து சிரித்தது.

ஒரு திங்கட்கிழமை, இவர் பதில் பஸ்ஸில் வருவதற்குள் லாரிக்காரன் பொறுமையிழந்து காலி வண்டியோடு போய்விட்டான். அண்ணாச்சி வந்து சொல்லிவிட்டுக் குடோனுக்குத் திரும்பிய பிறகுதான் முதலாளிக்கு விஷயம் தெரிந்தது. என்னிடமிருந்து செட்டைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். பின்னாலேயே நாங்களும் போனோம்.

“யோவ்! இந்த நிமிசம் இதுல பதில் சொல்லணும். இல்லேன்னா நாளையிலருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

அண்ணாச்சி வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? ‘அமுக்கித் தொலையுமய்யா’ என்று முதல்முறையாக அவருக்காக வேண்டிக்கொண்டேன். செட் கர்ரென்று இரைந்ததே தவிர, ஒரு வார்த்தை வரவில்லை.

பஸ்தான் வந்தது. அண்ணாச்சி இறங்கி வந்து, குடோன் சாவியையும் செட்டையும் முதலாளியின் மேஜையில் வைத்தார்.

“அப்படி என்னய்யா வீம்பு?”

“வீம்பு இல்ல, மொதலாளி. கப்பல்ல ஒரு மத்தியானம் செட்டை மடியில வச்சுக்கிட்டு சோறு தின்னேன். தட்டுக்கடியில பட்டன் அமுங்கிக் கெடந்துருக்கு. குழம்புல உப்பு இல்லன்னு சமையக்காரனை நான் ஏசுனது அம்புட்டும் பதினாறுல போயிருக்கு. பட்டன் அமுங்கியிருந்தா நமக்கு எதுவும் கேக்காது. அந்நேரம் ஒரு வள்ளத்துல தண்ணி ஏறி, மூணு பேரு கூப்பிட்டுக்கிட்டே இருந்துருக்காவ. ரெண்டு பேருதான் கரைக்கு வந்தாவ. அவங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கல. நான் உப்புக்கு ஏசுனது அவங்களுக்குக் கேட்டுருக்கு.”

முதலாளி இரண்டு செட்டிலும் பேட்டரியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டார். பெட்டியைத் திறந்து அண்ணாச்சியின் போனை எடுத்துக் கொடுத்தார். “சாவியை எடுத்துக்கோங்க. நாலு மணிக்கு லோடு வருது” என்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. எனக்கும் அன்று அண்ணாச்சி முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போது அவர் ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிறார். சாயங்காலமானால் போனில் கூப்பிட்டு முழங்கால் வலி, மருமகன் கோபம், கண்மாய்த் தண்ணி என்று ஒரு மணி நேரம் அறுப்பார். நான் எவன் பேச்சையும் பாதிக்கு மேல் கேட்கிற ஆள் இல்லை. ஆனாலும் அந்த மனுசன் கூப்பிட்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.