ஏழு பத்து பஸ்சும் என் பொன்னாடையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் யாரையும் நம்புவதில்லை. இது பிறவிக் குணமல்ல. இருபத்தைந்து வருஷம் கம்ப்யூட்டர் கேம் விளையாடி, உழைத்துச் சேர்த்த குணம். ஜெயங்கொண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் கற்றுக்கொள்ள அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். டைப்பிங் வரவில்லை, கேம் வந்துவிட்டது. (இன்னைக்கும் ரெண்டு விரல்லதான் அடிக்கிறேன். இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான்.)

கேமில் அடிபட்டவனுக்குச் சில உண்மைகள் தெரியும். ஒரு கதவுக்கு முன்னால் மருந்துப் பெட்டியும் தோட்டாவும் தாராளமாகக் கிடந்தால், கதவுக்குப் பின்னால் பெரிய பூதம் ஒன்று நிற்கிறது என்று அர்த்தம். முதல் லெவலில் அன்பாகப் பேசி வழிகாட்டுகிறவர் ஐந்தாவது லெவலில் கத்தியோடு வருவார். இதையெல்லாம் நான் கேமோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆபீசில் மேனேஜர் கூப்பிட்டு டீ கொடுத்தால், அவர் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருப்பேன். மாமனார் வீட்டில் இலையில் இரண்டாவது வடை விழுந்தால், என்ன கேட்கப் போகிறார்கள் என்று முதல் வடையே இறங்காது.

என் மனைவி செல்வி இதற்கு 'கேம் புத்தி' என்று பெயர் வைத்திருக்கிறாள். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பெரம்பலூர் போய், ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவள். "ஊர்ல இருக்குறவங்க கண்ணையெல்லாம் சரி பண்ணிட்டேன், வூட்ல ஒரு கண்ணு மட்டும் திருந்த மாட்டேங்குது" என்பாள். நான் கேம்களைப் பற்றி இணையத்தில் விமரிசனம் எழுதுவது அவளுக்குத் தெரியும். அதை யாராவது படிக்கிறார்கள் என்பதை மட்டும் அவள் நம்பவில்லை. (அந்த விஷயத்துல அவளுக்கும் சந்தேக புத்திதான்.)

என் விமரிசனங்களில் இரக்கம் இருக்காது. நல்ல கேம் என்றால், நான் செத்தால் தப்பு என்னுடையதுதான் என்று எனக்கே தெரிய வேண்டும். அது ஒன்றுதான் என் அளவுகோல். மற்றபடி, விளம்பரத்தில் மழை பெய்கிற அழகைக் காட்டிவிட்டு, உள்ளே போனால் கதாநாயகனுக்குப் படியேறத் தெரியாத கேம்கள் எத்தனை! இரண்டு நாள் டவுன்லோடு ஆகி, திறந்தவுடன் 'இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது' என்று சொல்லும் கேம்கள். எங்கள் மாவட்டத்தை விடப் பெரிய உலகத்தைக் கட்டிவிட்டு, அதில் செய்வதற்கு ஓநாய்த் தோல் கொண்டுவருகிற வேலை ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் கேம்கள். ஒவ்வொன்றையும் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன்.

இந்தத் தோரணத்தைப் பார்த்துத்தான் பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து கம்ப்யூட்டர் துறைத் தலைவர் போன் செய்தார். கடைசி வருஷ மாணவர்கள் செய்த கேம்களுக்குக் கண்காட்சியாம், நான் நடுவராம். பெற்றோர்களும் வருவார்களாம். நான் போடும் மார்க் பிராஜெக்ட் மார்க்கில் சேருமாம். உடனே சந்தேகப்பட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று வந்து சந்தேகத்தை மூடிவிட்டது. செல்வியை முன் வரிசையில் உட்காரவைத்து, இத்தனை வருஷமாக நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டது ஒரு படிப்புதான் என்று நாலு பேர் சொல்ல அவள் கேட்க வேண்டும். அவள் வாயால் ஒரு 'பரவால்ல' வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

சனிக்கிழமை காலை கல்லூரியிலிருந்து கார் வந்தது. வாசலில் சந்தனம், கல்கண்டு. மேடையில் சரிகை போட்ட பொன்னாடை. கையில் பாதாம் பால், முன்னால் ஒரு தட்டு முந்திரிப் பருப்பு. முந்திரியைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தேன். கதவுக்கு முன்னால் இவ்வளவு மருந்துப் பெட்டிகள் கிடந்தால் உள்ளே என்ன நிற்கிறதோ! முன் வரிசையில் செல்வி பட்டுப்புடவையில் உட்கார்ந்து, போனை என் பக்கம் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு தெம்பில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்த கேம்கள் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஒன்றில் கார் சுவருக்குள் புகுந்தது. இன்னொன்றில் வில்லன் தானாகக் குளத்தில் விழுந்து செத்தான். நான் மைக்கில் நக்கலடிக்க, அரங்கம் சிரித்தது. செல்வியும் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காவதாக வந்தது குரும்பலூர்ப் பெண் அபிநயா. கேமின் பெயர் 'ஏழு பத்து பஸ்'. திரை விரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியொரு அழகு. காலை வெயில் ரோட்டில் சாய்வாக விழுகிறது, ரேஷன் கடைச் சுவரில் பாதி கிழிந்த போஸ்டர், தூரத்தில் பஸ் ஹாரன். ஒரு அம்மா வந்து தூக்குவாளியைக் கையில் கொடுக்கிறாள். "அக்கா பெரம்பலூர் ஆஸ்பத்திரியில இருக்கா. குழம்பு சிந்தாம கொண்டு போ. ஏழு பத்த விட்டுறாத." கூடவே மடித்த சிவப்புத் துணி ஒன்றையும் கொடுக்கிறாள். அவ்வளவுதான்.

இவ்வளவு அழகாக ஒரு காலேஜ் பெண் செய்வாளா? எனக்குள் மணி அடித்தது.

முதலில் அந்த அம்மாவையே நான் நம்பவில்லை. தூக்குவாளியில் குழம்புதான் இருக்கிறது என்று என்ன நிச்சயம்? திறந்து பார்த்தேன். குழம்புதான். மூடுவதற்குள் கவிழ்ந்துவிட்டது. பெரிய திரையில் எழுத்து வந்தது: 'குழம்பு சிந்திவிட்டது. அக்கா பட்டினி.'

இரண்டாவது முறை, ரேஷன் கடைச் சுவரில் ரகசியக் கதவு இருக்கும் என்று ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. அக்கா பட்டினி. மூன்றாவது முறை பஸ்ஸில் ஏறினேன். கூட்டம் முண்டியடித்து எனக்கு முன்னால் ஏறி, எல்லா சீட்டிலும் உட்கார்ந்துவிட்டது. நின்றுகொண்டு போனேன். முதல் வளைவிலேயே குழம்பு என் சட்டையில். அக்கா பட்டினி. நான்காவது முறை, சிவப்புத் துணியைத் தோளில் போட்டால் சக்தி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அதற்கு 'எறி' என்று இன்னொரு பட்டனும் இருந்ததால், ஐந்தாவது முறை கண்டக்டர் முகத்தில் எறிந்தேன். அவர் அதை எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுத்து, "என்னா தம்பி, காலையிலயேவா?" என்றார்.

அரங்கத்தில் சிரிப்பு பொங்கியது. கேமைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஏழாவது முறையும் அக்கா பட்டினி கிடந்தபோது என் பொறுமை போய்விட்டது. (ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அன்னைக்கு அந்தக் கூடத்துல ஆடுனவன் நான்தான்.) மைக்கை எடுத்தேன்.

"இந்த கேம்ல ரெண்டு குத்தம். ஒன்னு, இத ஜெயிக்கவே முடியாது. இருபத்தஞ்சு வருஷமா ஆடுறவன் சொல்றேன். ரெண்டாவது, இது சொந்த சரக்கு இல்ல."

எனக்குத் துப்பறிந்துவிட்ட சந்தோஷம்.

"ஆதாரம் என்ன தெரியுமா? அந்த சிவப்புத் துணி! வெளிநாட்டு கேம்ல ராஜா வீட்டு வீரன் தோள்ல போடுற அங்கி அது. யாரோ வெள்ளக்காரன் செஞ்ச கேம எடுத்து, அரண்மனைய ரேஷன் கடையா மாத்திட்டீங்க. குதிரை வண்டிய பஸ்ஸா மாத்திட்டீங்க. அங்கிய மட்டும் எடுக்க மறந்துட்டீங்க!"

சொன்ன கையோடு மார்க் தாளில் 'சொந்த முயற்சி' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'சிவப்பு அங்கி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அபிநயா அழவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சார், அது துண்டு சார்" என்றாள்.

"துண்டுன்னா? எதுக்கு?"

"சார்..." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க டவுன் பஸ்ல போனதே இல்லையா சார்?"

இந்தக் கேள்வியையும் சந்தேகப்பட்டேன். பேச்சை மாற்றப் பார்க்கிறாள் என்று, "நான் டிராகன் மேலயே போயிருக்கேம்மா" என்றேன்.

அப்போதுதான் முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஏங்க, அந்தத் துண்ட ஜன்னல் வழியா உள்ள போடுங்க!"

அரங்கம் இடிந்து விழுவது போலச் சிரித்தது. துறைத் தலைவர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கர்ச்சீப்பைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது எனக்குத் தெரியாததல்ல. திருச்சியில் படித்த காலத்தில் கர்ச்சீப், புத்தகம், ஒரு தடவை செருப்பு எல்லாம் ஜன்னலில் போட்டவன் நான். ஆனால் கேம் என்று உட்கார்ந்துவிட்டால் என் மூளை அரியலூர் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அங்கே துணி என்றால் அங்கிதான், சுவர் என்றால் ரகசியக் கதவுதான், பெற்ற தாய் என்றாலும் சதிகாரிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

செல்வி மேடைக்கே வந்துவிட்டாள். "தள்ளுங்க. ஏம்மா, எந்தப் பட்டன்?" என்று அபிநயாவிடம் கேட்டாள். வாழ்க்கையில் ஒரு கேமைக்கூடத் தொடாதவள். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்பக்கத்திலிருந்து மூன்றாவது ஜன்னலில் துண்டைப் போட்டாள். நிதானமாக ஏறினாள். சீட்டில் மீசைக்காரர் ஒருவர் துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்படியும் ஒரு பூதத்தை அந்தப் பெண் வைத்திருக்கிறாள்! என்ன பேசலாம் என்று திரையில் மூன்று வரிகள் வந்தன. செல்வி யோசிக்கவே இல்லை. 'துண்டு போட்டிருக்கோம்ல, பாக்கலையா?' என்பதை அழுத்தினாள். மீசைக்காரர் எழுந்துகொண்டார். குழம்பு மடியில் பத்திரமாகப் பெரம்பலூர் சேர்ந்தது. அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி. அம்மா வரலையா?" என்று கேட்டாள். கேம் முடிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் எத்தனையோ உலகங்களை நான் காப்பாற்றியிருக்கிறேன். ஒரு அக்காவுக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லை. ஏழு முறை தோற்றதும் என் தப்பால்தான். என் ஒரே அளவுகோலின்படி பார்த்தால், பல வருஷத்தில் நான் பார்த்த மிக நல்ல கேம் அதுதான். அதைத்தான் திருட்டு என்று மைக்கில் சொல்லியிருந்தேன். ஐந்து மாதமாகக் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று ஹாரன் சத்தம் பதிவு செய்ததாகத் துறைத் தலைவர் சொன்ன பெண்ணின் முகத்துக்கு நேராக. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசியில் மறுபடியும் அதே மைக்குக்குத்தான் போக வேண்டியிருந்தது. "தப்பு பண்ணிட்டேன்மா. இது உன்னோட கேம்தான். உன்னால மட்டும்தான் இத செய்ய முடியும்" என்றேன். பூஜ்யத்தை அடித்து முழு மார்க் போட்டு, அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். கைதட்டினார்கள். எனக்கில்லை.

அபிநயா பெருந்தன்மையான பெண். "பரவால்ல சார். அடுத்த தடவ ஒரு குறிப்பு வச்சுர்றேன் சார், உங்கள மாதிரி ஆளுங்களுக்கு" என்றாள். (அந்தப் 'பரவால்ல'யைத்தான் நான் வேறு ஒருத்தர் வாயால் எதிர்பார்த்தேன்.)

திரும்பும்போது கார் இல்லை. வேறொரு விருந்தினரை விடப் போயிருக்கிறது, அரை மணியில் வந்துவிடும் என்றார்கள். நான் சந்தேகமாகப் பார்த்தேன். "வாங்க, பஸ்ல போவோம். உங்களுக்கும் பழக்கமாவட்டும்" என்று செல்வி பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஒரே பாட்டுதான்: "கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சானாம். தோள்லயே ஒன்ன போட்டுக்கிட்டு உக்காந்துருக்காரு மனுசன், துண்டுன்னா என்னான்னு கேக்குறாரு!"

அரியலூர் பஸ் உள்ளே திரும்பியது. நூறு பேர் ஓடினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் என் தோள் லேசானது. நிமிர்ந்து பார்த்தால் என் பொன்னாடை, சரிகை மின்ன, ஜன்னல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.

'ஏழு பத்து பஸ்' இப்போது யார் வேண்டுமானாலும் போனில் இறக்கி விளையாடலாம். புதிய பதிப்பில் பஸ் ஸ்டாப்பில் பொன்னாடை போர்த்திய ஒரு மாமா ரேஷன் கடைச் சுவரைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவரைத் தொட்டால், "இதுக்குப் பின்னாடி என்னமோ இருக்கு" என்பார். எந்த உதவியும் செய்ய மாட்டார். மச்சினன் வீட்டு விசேஷத்தில் குழந்தைகள் வரிசையாக வந்து என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுகின்றன. வீட்டில் நான் எதையாவது முறைத்துப் பார்த்தால், "அக்கா பட்டினி" என்று செல்வி ஆரம்பிப்பாள். நான் முறைப்பதை நிறுத்திவிடுவேன்.

அந்தப் பொன்னாடையைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று ஆசைப்பட்டேன். செல்வி விடவில்லை. சரிகைக் கனத்துக்கு அது குறி தவறாமல் போய் விழுகிறதாம், அதை நகர்த்திவிட்டு உட்கார எந்த மீசைக்காரருக்கும் தைரியம் வருவதில்லையாம். அவள் கைப்பையிலேயே கிடக்கிறது. இருபத்தைந்து வருஷ கேம் ஞானத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, தினமும் சாயங்காலம் பெரம்பலூரில் ஜன்னல் வழியாக ஏறி, அரியலூர் வரைக்கும் செல்வி மடியில் உட்கார்ந்து வருகிறது.